நடுவில் மட்டும் ஈரம்

கட்டின் மேலே இருந்த விரிப்பு நன்றாகக் காய்ந்திருந்தது. அடியில் இருந்ததும் அப்படியே. நடுவில் இருந்தவை மட்டும் ஈரம்.

பிரிஜட் நாடாவை அவிழ்த்து, மடித்த விரிப்புகளின் ஓரங்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். நடுவுக்கு வந்ததும் விரல் நின்றது. சில்லென்று இருந்தது. குனிந்து முகர்ந்தாள். மழை நாளில் பூட்டி வைத்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பிய கட்டு அது. இந்த மாதம் வந்த முதல் கட்டும் இல்லை.

"மேல இருந்து தண்ணி ஒழுகியிருந்தா மேல உள்ளதுதானே நனையணும்?" என்று ராமலிங்கத்திடம் கேட்டாள். "ரோலர் சூடு கொறைஞ்சிருந்தா எல்லாமே ஈரமா இருக்கணும். நடுவுல மட்டும் எப்படி?"

இயந்திரங்களுக்குப் பொறுப்பாளரான ராமலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். "நீராவி சரியாத்தான் வருது. மீட்டர நீங்களே பாத்தீங்க. மெஷின் மேல பழியப் போடாதீங்க லா. நடு எது, ஓரம் எதுன்னு மெஷினுக்குத் தெரியுமா?"

இன்னொரு விஷயமும் பிரிஜட்டுக்கு இடித்தது. போன வாரம் ரோலர் பக்கத்து அழைப்பு மணி இரண்டு நாள் வேலை செய்யவில்லை. ஒயர் பழுது. அந்த இரண்டு நாளில் போன கட்டுகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மணியைச் சரிசெய்த மறுநாளே ஈரமும் திரும்ப வந்துவிட்டது. மணி ஓடுவது மின்சாரத்தில். ரோலர் சூடாவது நீராவியில். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உட்லண்ட்ஸில், நாட்டு எல்லையைத் தாண்டும் ஜொகூர் பாலத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கிறது அந்தச் சலவைத் தொழிற்சாலை. ஆஸ்பத்திரித் துணி மட்டும்தான். கட்டடத்தின் குறுக்கே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். அழுக்குத் துணி சுவரைத் தாண்டி வர ஒரே வழி, நீளமான சலவை இயந்திரத்தின் வயிறு. அந்தப் பக்கம் வாயில் போட்டால், ஒவ்வோர் அறையாக உருண்டு, நுரையில் புரண்டு, அலசப்பட்டு, இந்தப் பக்கம் வந்து விழும். விழுந்ததும் ஒரு பெரிய அழுத்தி மேலிருந்து இறங்கித் தண்ணீரைப் பிழியும். பிழிந்த துணி வட்டமாக, கெட்டியாக வெளியே வரும். அதற்கு அங்கே 'கேக்' என்று பெயர். பிறந்தநாளுக்கு வெட்டுகிற கேக் போலத்தான் இருக்கும், கொஞ்சம் பெரியது.

கேக்கை உதிர்த்து ரோலருக்குக் கொண்டுவருவார்கள். நீராவியில் கொதிக்கும் பெரிய உருளைகள். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் இழுப்பதற்குப் பதிலாக, இங்கே துணி சூட்டின் மேல் ஓடுகிறது. ஒரு முனையில் ஆமினா பீவியும் இன்னொரு பெண்ணும் விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து உள்ளே கொடுப்பார்கள். மறுமுனையில் அது மடிந்து வெளியே வரும். அங்கே நிற்பவள் சுதா. தடவிப் பார்ப்பாள், அடுக்குவாள், கட்டுவாள். வருவது ஈரமாக இருந்தால் பக்கத்திலுள்ள மஞ்சள் பொத்தானை அழுத்த வேண்டும். மணி அடிக்கும், மேலே விளக்கு சுழலும். உருளையின் வேகத்தைக் குறைத்தால் துணி சூட்டில் அதிக நேரம் கிடக்கும், ஈரம் போய்விடும். அவ்வளவுதான் சங்கதி.

வேகத்தைத் திருகும் பெட்டிக்கு ஒரு பூட்டு. அதைப் போட்டது பிரிஜட்தான். முன்பெல்லாம் வேலை முடிகிற நேரத்தில் யாராவது வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். பாதிப் பேர் ஜொகூரிலிருந்து வருகிறவர்கள். ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பினால் பாலத்தில் ஒரு மணி நேரம் மிச்சம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பிரிஜட் சூப்பர்வைசர் ஆனதும் பூட்டு வந்தது. சாவி அவள் கழுத்தில், வேளாங்கண்ணி மாதா பதக்கத்தோடு சேர்ந்து தொங்கியது.

மணி அடித்தால் பிரிஜட் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். சூப்பர்வைசர்களுக்கு நடந்த இரண்டு நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களே, தலைவர் என்பவர் முதலில் தானே செய்து காட்ட வேண்டும் என்று. அதை அவள் மனதில் எழுதிக்கொண்டாள். ரோலரில் நிறைய வருடம் நின்ற கை அவளுடையது. வந்ததும் பெட்டியைத் திறப்பாள், வேகத்தைக் குறைப்பாள், "நகரும்மா" என்று சுதாவின் கையிலிருந்து விரிப்பை வாங்கி, தடதடவென்று தானே அடுக்கி, தேங்கியதையெல்லாம் தீர்த்துவிட்டு, "பாத்தியா, இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போவாள். கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை.

*

வெள்ளிக்கிழமை மானேஜர் கிளாரன்ஸ் அவளை மாடிக்குக் கூப்பிட்டார். அவர் அறை முழுக்கக் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் ரோலரும், அதன் முனையில் நிற்கும் சுதாவும் உள்ளங்கையில் வைத்தது போலத் தெரியும். கிளாரன்ஸுக்குப் பிரிஜட்டின் மகன் வயது.

"உக்காருங்க ஆன்ட்டி. ஹாஸ்பிட்டல்லருந்து ஈமெயில். ரொம்ப டீசன்ட்டா எழுதியிருக்காங்க. டீசன்ட்டா எழுதினாத்தான் பயமா இருக்கு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பாஸ்."

"அடுக்குறது சுதா. கட்டுறதும் சுதா. நடுவுல ஈரம் இருக்குறது அவ கைக்குத் தெரியாதா?"

"சுதா நல்லா வேலை செய்யிற புள்ள."

"நல்ல புள்ளதான். ஆனா அவ வேலை பெர்மிட் ரினியூவலுக்கு வருது. நான் சைன் பண்ணணும். யார் தப்புன்னு நீங்க திங்கக்கிழமை எனக்குச் சொல்லுங்க. ஒரு பேர். அந்தப் பேர அனுப்பி, ஆள மாத்திட்டோம்னு சொல்லி இத முடிச்சிடலாம்."

"பேர் சொல்லலன்னா?"

கிளாரன்ஸ் பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். "சூப்பர்வைசர் வேலை உங்களுக்கு சூட் ஆகலன்னு அர்த்தம். எனக்கும் மேல ஆள் இருக்காங்க, ஆன்ட்டி."

கீழே வந்த பிரிஜட் நேராகச் சுதாவிடம் போனாள். "ஏதாச்சும் பிரச்சினையாம்மா?"

"ஒண்ணும் இல்லக்கா. ஓகே லா."

"பீவிம்மா, உங்களுக்கு?"

"எனக்கென்ன? முட்டிதான் வலிக்கிது. அதுக்கு நீ என்ன செய்வ?"

அன்று பிற்பகல் முழுவதும் பிரிஜட் சுதாவின் பக்கத்திலேயே நின்றாள். தானும் அடுக்கினாள். ஒரு விரிப்பு கொஞ்சம் நசநசவென்று ஈரமாக வந்தபோது கை தானாகப் போய்ப் பெட்டியைத் திறந்து வேகத்தைக் குறைத்தது. பிறகு கூட்டியது. மூச்சு விடுவது போல நடந்த காரியம். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு கட்டில்கூட ஈரமில்லை.

நான் நின்றால் இல்லை, போனால் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படியானால் இவள்தானா? சுதா காலை நான்கு மணிக்கெல்லாம் பாலத்தில் வரிசையில் நிற்பவள். ஜொகூரில் அவள் சம்பளத்தை நம்பி வீடு இருக்கிறது.

*

உட்லண்ட்ஸிலிருந்து குவீன்ஸ்டவுனில் உள்ள வீட்டுக்கு வர ரயிலில் ஏறி ஜூரோங் ஈஸ்ட்டில் மாற வேண்டும். இடம் கிடைத்தால் அவள் தூங்கிவிடுவாள். அன்று இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

வீட்டில் அவள் கணவர் லாசரஸ் காத்திருந்தார். பேருந்து ஓட்டுநர். தோள்பட்டையில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகி, வலது கைக்குத் துணித் தொட்டில் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். பிழைத்தது கை, தவிப்பது ஆள். காலமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு ஒரு நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? இடது கையால் சமைக்க ஆரம்பித்தார். முதலில் முட்டை, பிறகு ரசம், பிறகு துணிச்சல் வந்து குழம்பு.

"ரசம் எப்படி?"

"நல்லா இருக்குங்க. உப்பு மட்டும்..." என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், சட்டியில் உப்புப் போட்டு, பெருங்காயம் போட்டு, இன்னொரு கொதி விட்டு இறக்கிக்கொண்டு வந்தாள்.

லாசரஸ் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க ஒரு பேர் கேக்குறாங்க," என்று பிரிஜட் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லாத."

"சொல்லலன்னா திங்கக்கிழமையில இருந்து திரும்பவும் ரோலர்லதான் நிக்கணும். அதுகூடப் பரவால்ல. எனக்குப் பதிலா வர்ற ஆளு மறுநாளே அவ பேரச் சொல்லிடும்."

"அப்ப ஏன் ஈரம் வருதுன்னு கண்டுபிடி."

"அதத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்! எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. ஒண்ணும் இல்ல, ஓகே லா. இதையேதான் சொல்றாங்க."

"எங்க டிப்போவுலயும் அப்படித்தான். பஸ்ஸு முக்கிக்கிட்டு நிக்கும். கேட்டா ஓகேதான்," என்றார் லாசரஸ்.

*

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து இருவரும் தேக்கா ஈரச்சந்தைக்கு நடந்தார்கள். பஃபலோ ரோட்டில் கறிவேப்பிலையும் மல்லிகையும் ஒரே காற்றில் அடித்தன. மழை பெய்து ஓய்ந்திருந்தது. தரை முழுக்கச் செருப்புத் தடம். மீன்கடையில் லாசரஸ் ஒரு பாத்தாங் மீனை, அதாவது வஞ்சிரத்தை, இடது கையால் தூக்கினார்.

"இன்னிக்கு நான் வெக்கிறேன். புளிக்குழம்பு."

"அது வேண்டாங்க, கண்ணு மங்கியிருக்கு பாருங்க," என்று அவர் கையிலிருந்ததை வாங்கிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பொறுக்கினாள் பிரிஜட். நல்ல மீன்தான், சந்தேகமில்லை. கடைக்காரர் லாசரஸைப் பார்த்துச் சிரித்தார். "பாஸ் யாருன்னு தெரிஞ்சுபோச்சு அண்ணே."

வீட்டுக்கு வந்ததும் பிரிஜட் யூனிஃபார்மைத் துவைக்கப் பின்கட்டுக்குப் போனாள். துணி இயந்திரத்தில் ஏற்கெனவே ஏதோ கிடந்தது. மேலே ஒரு துண்டு. அதை எடுத்தாள். அடியில் ஒரு துண்டு. இரண்டுக்கும் நடுவில், கரிக்கட்டையாகத் தீய்ந்துபோன அவளுடைய நல்ல சட்டி.

"என்னங்க! மெஷின்ல சட்டி துவைக்கிறீங்களா?"

கூடத்தில் டிவிச் சத்தம் குறைந்தது.

"அது எப்படி அங்க போச்சு?" என்றார் லாசரஸ்.

"நடந்து போயிருக்கும். எப்ப தீய்ஞ்சுது?"

"வெள்ளிக்கிழமை. பருப்பு. நீ வேலைக்குப் போனப்புறம். தேய்ச்சுப் பாத்தேன், ஒரு கையால போகல. திங்கக்கிழமை நீ போனதும் ஊறப்போடலாம்னு இருந்தேன்."

"சொல்லியிருந்தா நானே..."

"நீயே?"

"தேய்ச்சு வெச்சிருப்பேன்ல?"

"தேய்ச்சிருப்ப. அப்புறம் 'நீங்க அடுப்புப் பக்கம் வராதீங்க, நான் பாத்துக்கிறேன்'னு சொல்லியிருப்ப. சிரிச்சிக்கிட்டே சொல்லியிருப்ப." லாசரஸ் எழுந்து வந்து பின்கட்டு வாசலில் நின்றார். "நீ திட்டினாக்கூடப் பரவால்ல, பிரிஜட்டு. நீ திட்டமாட்ட. வந்து கரண்டிய வாங்கிடுவ. வாங்கிட்டா அப்புறம் நான் என்ன? எஞ்சின அணைச்சு டிப்போவுல விட்ட பஸ்ஸு."

பிரிஜட் சட்டியைப் பார்த்தாள். மேலே துண்டு, அடியில் துண்டு. நடுவில், யாருக்கும் தெரியாமல். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, அழுவுறியா? ஒரு சட்டிக்கா?"

"இல்லங்க," என்றாள். "மணி."

"என்ன மணி?"

"மணி அடிச்சா நான் போவேன்ல. போனா வாங்கிடுவேன்ல. அப்ப யாரு மணிய அடிப்பா?"

லாசரஸுக்குப் பாதிதான் புரிந்தது.

அன்று மீன் குழம்பை லாசரஸ்தான் வைத்தார். பிரிஜட் சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வயித்து வலியா உனக்கு?"

"இல்ல. நீங்க செய்யுங்க."

வெங்காயம் ஒரு பக்கம் கருகியது. அவள் கைகளை இன்னும் இறுக்கி அமுக்கிக்கொண்டாள். கடைசியில் "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

லாசரஸ் கொஞ்சம் யோசித்தார். "புளி பாட்டில் மூடி. ஒரு கையால திறக்க வரல. அத மட்டும் திறந்து குடு."

திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் முக்காலிக்குப் போனாள். குழம்பில் புளி கூடியிருந்தது. இரண்டு பேரும் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்கள்.

*

திங்கட்கிழமை வேலை தொடங்கும் முன், லாரிகள் நிற்கும் மேடையில் சுதா ரொட்டியும் தேநீருமாக உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் நின்ற களைப்பு கண்ணில் இருந்தது. பக்கத்தில் ஆமினா பீவி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரிஜட் அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சுதா, ஏதாச்சும் பிரச்சினையான்னு இனிமே கேக்கப் போறதில்ல. நடுவுல வெக்கிறது நீதான். எனக்குத் தெரிஞ்சிருச்சு. தப்பு உன்னோடதில்ல, என்னோடது."

சுதாவின் கையில் ரொட்டி நின்றுபோனது. பீவியைப் பார்த்தாள். பீவி தைலப் புட்டியை மூடினார்.

"சொல்லிடு புள்ள. அதான் அவளே கீழ உக்காந்துட்டால்ல."

"சூடா வர்றதுக்கு நடுவுல வெச்சா அந்தச் சூட்டுலயே காய்ஞ்சிரும்க்கா," என்றாள் சுதா மெல்ல. "ஒண்ணு ரெண்டு வெச்சா நெஜமாவே காய்ஞ்சிரும். மத்தியானத்துல அதுக்கு மேல வரும். அப்பதான் காயாம போயிருது."

"மணிய அடிக்கலாம்ல?"

சுதா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் திட்டினேனா?"

"நீங்க திட்டவே இல்லக்கா. வந்து எங்கையில இருந்து வாங்கிடுறீங்க. நான் கைய என்ன செய்யிறதுன்னு தெரியாம நிப்பேன். மேல கண்ணாடி. பாஸ் பாக்குறாரு. சுதாவுக்கு வேலை தெரியல, அக்கா வந்துதான் செய்யிறாங்கன்னுதானே நெனைப்பாரு? பெர்மிட்டு நேரத்துல நான் எப்படிக்கா அந்த மணிய அடிப்பேன்?"

"உன் மனசு நல்ல மனசு, பிரிஜட்டு," என்றார் பீவி. "உங்கைதான் ரொம்ப வேகம். எங்களுக்கு அதுதான் தொல்லை."

பிரிஜட் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "மணி கெட்டுப்போன ரெண்டு நாள்?"

"நீங்க அழுக்குப் பக்கம் ஆள் இல்லன்னு அங்க போயிட்டீங்கல்ல. சாவிய ஆணியில மாட்டிட்டு, சத்தம் குடுத்துப் பாத்துக்குங்கன்னு சொன்னீங்க. பீவிம்மா அந்தப் பக்கம் இருந்து 'கனமா வருது'ன்னு கத்துவாங்க. நான் ஸ்பீட கொறைச்சிருவேன். மெல்லிசு வந்தா கூட்டிருவேன். அவ்ளோதான் லா."

"கனமாவா? என்ன கனம்?"

"புது ஷீட்டு," என்றார் பீவி. "ஆஸ்பத்திரியில புதுசா வாங்கியிருக்காங்க. பாக்குறதுக்கு ஒரே மாதிரிதான். நனைஞ்சாத்தான் தெரியும். தண்ணிய நல்லாக் குடிக்கிது. பகல் லாரியில வர்றது அதுதான்."

இவ்வளவுதான் புதிர். தடித்த துணி அதிகத் தண்ணீரைப் பிடிக்கும். அதே பிழிசல் அதற்குப் போதாது. அதே வேகம் அதற்கு ஆகாது. இது ரோலரின் இரண்டு முனையிலும் தெரிந்திருந்தது. வேகத்தின் சாவி மட்டும் மூன்றாவது ஆளின் கழுத்தில் தொங்கியது.

மாடியில் கிளாரன்ஸ் காத்திருந்தார். "பேர் என்ன, ஆன்ட்டி?"

"பிரிஜட்."

"ஜோக்கா?"

"இல்ல பாஸ். நான்தான் வேகத்தப் பூட்டி வெச்சேன். மணி அடிச்சா ஓடிப்போய் அவங்க வேலைய நானே செஞ்சேன். அதனால அவங்க மணி அடிக்கிறத விட்டுட்டாங்க." புது விரிப்பைப் பற்றியும் சொன்னாள். "இன்னிலருந்து நான் எதையும் தொடப் போறதில்ல. மேல இருந்து பாத்தா நான் சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். இந்த வாரம் மட்டும் பாருங்க."

"சூப்பர்வைசர் சும்மா நிக்கிறதுக்கு நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதுறது?"

"வாரம் முடிஞ்சு எழுதுங்க."

கிளாரன்ஸ் கண்ணாடி வழியே கீழே பார்த்தார். "ஒரு கட்டு திரும்பி வந்தாலும் ரெண்டு பேர் போவீங்க. சுதாவும் நீங்களும். தெரியும்ல?"

"தெரியும்."

*

பகல் லாரி வந்தது. பிரிஜட் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி, மாதா பதக்கத்தை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு, சாவியை ரோலர் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டாள். கைகளை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மணி அடிக்கவில்லை. வெகுநேரம் அடிக்கவில்லை. சுதா அடுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். உருளைகள் உறுமின. ஒரு விரிப்பைத் தடவிய சுதாவின் கை நின்றது. அதை எடுத்து அடுக்கின் நடுவுக்குக் கொண்டுபோனாள். பிறகு வெளியே இழுத்து, பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

மணி அலறியது. விளக்கு சுழன்றது. கண்ணாடிக்குப் பின்னால் கிளாரன்ஸ் எழுந்து நிற்பது தெரிந்தது.

பிரிஜட் ஓடவில்லை, நடந்து போனாள். பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன வேணும்?"

சுதா உருளையைப் பார்த்தாள், வேகப் பெட்டியைப் பார்த்தாள். விரிப்புகள் மேலும் மேலும் வந்து விழுந்து தேங்கின. ஒன்று கோணலாக மடிந்து கீழே சரிந்தது. பிரிஜட்டின் விரல்கள் பைக்குள் முறுக்கிக்கொண்டன.

"ஸ்பீட கொறைக்கணும்க்கா."

"கொறை."

சுதா சாவியை எடுத்தாள். முதல் தடவை பூட்டில் சரியாகப் போகவில்லை. அடுத்த தடவை திறந்தது. திருகினாள். உருளையின் உறுமல் தணிந்தது. அந்த முனையிலிருந்து பீவியின் குரல்: "இப்ப சரி! இப்படியே வை!" சுதா சரிந்ததை எடுத்து, தேங்கியதைப் பிரித்து, ஈரமானதை ஓரக்கூடையில் மறுபடி ஓட்டப் போட்டாள். பிரிஜட்டைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. ஆனால் முடித்தாள்.

"வேற என்ன வேணும்?"

இந்த முறை யோசிக்காமல் பதில் வந்தது. "இப்படியே மெதுவா ஓட்டினா சாயங்காலத்துக்குள்ள முடியாதுக்கா. பிழியிறப்பவே இன்னும் கொஞ்சம் பிழிஞ்சா நல்லது. அது ராமலிங்கம் அண்ணன் வேலை. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

அது சுதாவின் கைக்கு எட்டாத வேலை. பிரிஜட்டின் கைக்கு எட்டும். பிழியும் இடத்துக்கு நடந்து போனாள்.

"முடியாது லா," என்றார் ராமலிங்கம் எடுத்த எடுப்பிலேயே. "பிழியிற நேரத்தக் கூட்டினா பின்னால வர்றது எல்லாம் நிக்கும்."

"எல்லாத்துக்கும் வேண்டாம் அண்ணே. பகல் லாரிக்கு மட்டும்."

"மெஷின் மேல பழி போடுறீங்களா?"

"பழி போடல. உங்ககிட்ட உதவி கேக்குறேன். இது உங்களால மட்டும்தான் முடியும்."

ராமலிங்கம் மூக்கைச் சொறிந்தார். "முன்னாலயே இப்படிக் கேட்டிருக்கலாம்ல? வந்தா எப்பவும் மீட்டரப் பாத்துட்டுத்தான் போறீங்க." பலகையில் ஏதோ அழுத்தினார். அந்தப் பெரிய அழுத்தி இறங்கியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து எழுந்தது. வெளியே வந்த கேக் மெலிந்து, இறுகி இருந்தது.

திரும்பி வந்தபோது கிளாரன்ஸ் ரோலர் பக்கத்தில் நின்றிருந்தார். "நீங்க ஏன் செய்யல ஆன்ட்டி? நீங்க செஞ்சா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்ல?"

பிரிஜட் பதில் சொல்வதற்குள் மணி மறுபடி அடித்தது. சுதாதான். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே, "ஒண்ணும் வேணாம்க்கா, மெல்லிசு வருது, கூட்டப் போறேன். சும்மா தெரியட்டும்னு அடிச்சேன்," என்றாள்.

கிளாரன்ஸ் சுதாவைப் பார்த்தார். பிறகு பைக்குள்ளேயே இருந்த பிரிஜட்டின் கைகளைப் பார்த்தார். திரும்பிப் படியேறினார்.

அந்த வாரம் மணி நிறைய அடித்தது. முதலில் காதை அடைத்தது, அப்புறம் பழகிவிட்டது. வேலை முடிகிற நேரத்தில் ஒரு பையன் சாவியை எடுத்து வேகத்தைக் கூட்டப் பார்த்தான். பீவி அந்த முனையிலிருந்தே கத்தினார்: "டேய், ஈரம் வந்தா எம்பேருதான் கெட்டுப்போகும்! வை!" வைத்துவிட்டான். பூட்டு செய்ய முடியாததை அந்தக் குரல் செய்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி லாரி வந்தபோது பிரிஜட் மேடையில் நின்றாள். ஓட்டுநர் காலிக் கூண்டுகளை இறக்கினார். அழுக்குத் துணியை இறக்கினார். பிறகு கதவைச் சாத்தினார்.

"திருப்பி அனுப்பினது?" என்று பிரிஜட் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

அவளுக்குப் பின்னால் வந்து நின்ற கிளாரன்ஸ், அனுப்பத் தயாராக இருந்த ஒரு கட்டின் நாடாவை அவிழ்த்தார். மேலே உள்ளதையும் பார்க்கவில்லை, அடியில் உள்ளதையும் பார்க்கவில்லை. நேராக நடுவில் கையை விட்டார். வெதுவெதுப்பாக, மொடமொடவென்று இருந்தது.

"சுதா பேப்பர்ல சைன் பண்ணிட்டேன்," என்றார். "ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும், ஆன்ட்டி? நீங்க என்ன பண்ணீங்க?"

பிரிஜட் யோசித்தாள். பிறகு சொன்னாள், கிளாரன்ஸ் அப்படியே எழுதிக்கொண்டார். வேகப் பெட்டியின் சாவி ரோலர் பக்கத்து ஆணியில் இருக்கும். ஈரம் வந்தால் அங்கே நிற்பவர் மணியை அடித்து, தானே வேகத்தைக் குறைப்பார். சூப்பர்வைசர் வருவார், துணியைத் தொடமாட்டார், "என்ன வேணும்?" என்று கேட்பார், அவர்கள் கைக்கு எட்டாததை மட்டும் போய் வாங்கிக்கொண்டு வருவார்.